வரேன் சாமி

நம்பாதவங்க இப்பவே எழுந்து போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். ஆனா இது என் காதால நானே கேட்டது. காதை வச்சுத்தான் எனக்குப் பொழப்பே. ரொம்ப வருஷமா ஒலிப்பதிவு பண்றேன். எது ஃபேன் சத்தம், எது மூச்சு, எது பக்கத்துக் கடை ஷட்டர்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதனால "பிரமையா இருக்கும்"னு மட்டும் யாரும் ஆரம்பிக்காதீங்க. நடந்தது ராத்திரியும் இல்ல. பட்டப்பகல். மதியம் ரெண்டேகால்.

முதல்ல அத்தானைப் பத்திச் சொல்லணும். என் அக்கா வீட்டுக்காரர். வெண்கலக் குரல். விளம்பரம், ரயில்வே அறிவிப்புன்னு எதைப் படிச்சாலும் கேக்கறவன் நம்பிடுவான். எங்க அக்காவும் அந்தக் குரலுக்குத்தான் விழுந்தா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் "சாமி"ன்னுதான் கூப்பிட்டுக்குவாங்க. "சாமி, துண்டு எங்க?" "இதோ வரேன் சாமி, வரேன்." கூட இருக்கற நமக்குத்தான் கூச்சமா இருக்கும்.

அத்தான்கிட்ட ஒரு கெட்ட பழக்கம். எடுத்ததுக்கெல்லாம் சத்தியம் பண்ணுவார். சாப்டாச்சான்னு கேட்டாக்கூட "சாமி சத்தியமா சாப்டேன்." அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. "அந்தப் பேரைச் சும்மா சும்மா இழுக்காதீங்க. பேருன்னா கூப்பிடறதுக்கு. கூப்பிட்டா வந்து நிக்கும்"னு சொல்லுவா. அவர் சிரிப்பார். "யாரு வருவா? எனக்கு நீதானே சாமி. நீயே வா."

போன வருஷம் அக்கா போயிட்டா. சின்ன வயசுலேர்ந்தே ஆஸ்துமா. உள் ரூம்ல மூச்சுத் திணறி விழுந்திருக்கா. இழுக்கற மருந்து ஹால் அலமாரில இருந்திருக்கு. பத்தடிகூட இல்ல. வேலையா வெளியூர் போயிருந்தேன், சாயங்காலம் வந்துதான் பார்த்தேன்னார் அத்தான். எங்க அம்மா மட்டும் நம்பல. "அவன் மூஞ்சியைப் பாரு, அவன் பொய் சொல்றான்"னு எல்லார் முன்னாடியும் கத்தினா. அவர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். "சாமி சத்தியமா நான் ஊர்லயே இல்லம்மா. இருந்திருந்தா என் சாமியை விட்டிருப்பேனா?"

நான் உருகிப் போயிட்டேன். அவருக்காக அம்மாகிட்ட சண்டை போட்டேன். "பெத்த பொண்ணு போன துக்கத்துல உனக்கு புத்தி பேதலிச்சுடுச்சு"ன்னு வாய் கூசாமச் சொன்னேன். அன்னிலேர்ந்து அம்மா என்கிட்ட பேசறதில்ல. ஒரு வருஷமா.

சரி, விஷயத்துக்கு வரேன். ஒரு முதியோர் இல்லத்துலேர்ந்து வேலை வந்தது. காலையில போட்டு விடறதுக்கு கடவுளோட பேர்களை ஒரு குரல் நிதானமாச் சொல்லணும். ஒவ்வொரு பேரோட முடிவுலயும் "சாமி"ன்னு வரணும். அப்புறம் கொஞ்சம் இடைவெளி விடணும். அந்த இடைவெளில பெரியவங்க திருப்பிச் சொல்லிக்குவாங்க. வெண்கலக் குரல் இருக்க, வேற யாரைக் கூப்பிடுவேன்?

அத்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். ரெண்டு பேர் காதுலயும் ஹெட்ஃபோன். கதவைச் சாத்தினா அந்த ரூம்ல எறும்பு நடந்தாக்கூடக் கேக்கும்.

"கருணைக் கடலே… சாமி."

இடைவெளி.

அதுல ஒரு சத்தம். மெல்லிசா, விசில் மாதிரி. ஏசியா இருக்கும்னு எழுந்து போய் நிறுத்தினேன்.

"அடைக்கலம் தருபவனே… சாமி."

திரும்பவும் விசில். ஏசி நின்னாச்சு. இது காத்து இல்ல, மூச்சு. இழுத்து இழுத்து விடற மூச்சு. ஆனா அத்தான் மூச்சு எனக்குத் தெரியும். அது இப்படி இருக்காது.

"எல்லாம் அறிந்தவனே… சாமி."

இந்தத் தடவை மூச்சோட ஒரு வார்த்தை. தூரத்துல. ரெண்டு மூணு ரூம் தள்ளி இருக்கற மாதிரி.

"…ரேன்…"

அத்தானைப் பார்த்தேன். வாய் மூடித்தான் இருந்தது. ஆனா என் திரையில சத்தத்தைக் காட்டற கோடு துள்ளுது. அவர் முன்னாடி இருக்கற மைக்குல யாரோ பேசறாங்க…

"மறைத்ததைப் பார்ப்பவனே… சாமி."

"…வரேன்…"

பக்கத்து ரூம் அளவுக்கு வந்துடுச்சு.

அந்த விசில் மூச்சோட பக்கத்துலதான் நான் பதினெட்டு வயசு வரைக்கும் படுத்துத் தூங்கியிருக்கேன்.

"கூப்பிட்ட குரலுக்கு வருபவனே…"

அத்தான் நிறுத்தினார். எச்சில் முழுங்கினார்.

"…சாமி."

என் காதுக்குள்ள. ஒட்டி.

"வரேன் சாமி… வரேன்."

ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேஜையில போட்டேன்.

அங்கேயிருந்தும் கேட்டது.

"…வரேன்…"

பட்டனை அழுத்தி, உள்ள இருக்கற ஸ்பீக்கர் வழியா அவர்கிட்ட பேசினேன்.

"அத்தான்… ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லையே. சாமி சத்தியமா ஒண்ணும் கேக்கல."

அப்பத்தான் கவனிச்சேன். அவர் காதுல ஹெட்ஃபோன் இல்ல. எப்பவோ கழட்டி, மடியில வச்சு, ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சிருந்தார். தலைவலின்னு சொல்லிட்டு, என் முகத்தைப் பார்க்காம கிளம்பிப் போயிட்டார்.

மறுநாள் காலையில என்னால இருப்புக்கொள்ளல. அக்கா இருந்த வீட்டுக்குப் போனேன். அத்தான் அங்கேயிருந்து காலி பண்ணி ஆறு மாசம் ஆச்சு. ஒரே சுவர் தள்ளி ஒரு டெய்லரம்மா இருக்காங்க. அக்கா போனதுக்கு மறுநாளே மக பிரசவத்துக்குன்னு வெளியூர் போனவங்க. அதுக்கப்புறம் இப்பத்தான் பார்க்கறேன். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திட்டு அழுதாங்க.

"வீட்டுக்காரர் கூடவே இருந்தும் அந்தப் பொண்ணுக்குக் கொடுத்து வைக்கலையேம்மா."

"கூடவேன்னா?"

"அன்னிக்கு மதியம் ரொம்ப நேரம் 'சாமி… சாமி…'ன்னு சத்தம் வந்துச்சும்மா. கும்பிடுதாக்கும்னு நான் பேசாம இருந்துட்டேன். கடைசில அவர் குரல் கேட்டுச்சு. அவர் குரல்தான் கணீர்னு இருக்குமே."

"என்ன சொன்னார்?"

"'வரேன் சாமி, வரேன்'னு சொன்னார். அப்புறம் யார்கிட்டயோ ஃபோன்ல பேசிச் சிரிச்சிட்டிருந்தார். அந்த 'சாமி'ங்கற சத்தம் நின்னுபோச்சு. சரி, போய்ப் பார்த்துட்டார் போலன்னு நினைச்சேன்."

மதியம் எத்தனை மணி இருக்கும்னு கேட்டேன். பள்ளிக்கூட மணி அடிச்ச கையோடன்னாங்க. அந்த ஸ்கூல்ல ரெண்டேகாலுக்கு மணி அடிப்பாங்க.

மாடிப்படி இறங்கினேன். பாதிப் படியில உட்கார்ந்துட்டேன். பயம் இல்லைங்க. ஆத்திரம். இந்த ஆளுக்காகவா நான் என் அம்மாவைப் பைத்தியக்காரின்னேன்? உட்கார்ந்த இடத்துலேர்ந்தே ஃபோன் போட்டேன்.

"அத்தான், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீங்க வீட்ல இருந்தீங்களா?"

அதே குரல். அதே கணீர். அழகா, உருக்கமா.

"என்னம்மா நீயும் இப்படிக் கேக்கற? சாமி சத்தியமா நான் அன்னிக்கு…"

அவர் முடிக்கல. ஃபோன்ல விசில் மாதிரி ஒரு மூச்சு. அவருக்குப் பக்கத்துல. ரொம்பப் பக்கத்துல.

"வந்துட்டேன் சாமி."

அதுக்கப்புறம் அந்த நம்பர் அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்கறதில்ல. நான் அன்னிக்கே அம்மா வீட்டுக்குப் போய், வாசல்லயே நின்னு "நீ சொன்னதுதான் உண்மை"ன்னேன். எப்படித் தெரியும்னு அம்மா கேட்டா. "அக்காவே சொன்னா"ன்னேன்.

அம்மா கதவைத் திறந்துவிட்டா. சத்தியம் பண்ணுன்னு மட்டும் கேக்கல.