பெட்டிக்கு ஒன்று

புது ஷூ பெட்டியைத் திறந்தால் தாளுக்கு அடியில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் கிடக்கும். உள்ளே ஜவ்வரிசி போல மணிகள் இருக்கும். ஊரெல்லாம் அதை எடுத்துக் குப்பையில் போடும். எங்கள் வீட்டில் அது குப்பை இல்லை. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஐந்து வருடம் பேக்கிங்கில் இருந்தவள். மிஞ்சிய பொட்டலங்கள் அவளுடைய டிபன் பையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். ரேஷன் கார்டு டப்பாவில் ஒன்று, கல்யாணப் புடவை மடிப்பில் ஒன்று, என் கலர் பென்சில் பெட்டியில் ஒன்று. ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும் என்பாள். அதன் மேல் ஆங்கிலத்தில் 'சாப்பிடாதே' என்று அச்சடித்திருக்கும். ஷூ பெட்டியைத் திறந்து எவன் சாப்பிடப் போகிறான் என்று நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

பேக்கிங்குக்கு முன்னால் அவள் ஒட்டும் பிரிவில் இருந்தாள். நாள் முழுக்க அடிப்பாகத்துக்கு சொல்யூஷன் தடவி ஒட்டும் வேலை. அந்த நெடியில் பிடித்த இருமல், கெஞ்சிக் கூத்தாடி பேக்கிங்குக்கு மாறிய பிறகும் விடவில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், பாதியில் இருமல் வந்து மீதியை விழுங்கிவிடும். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது வேலையை விட்டாள். மகளிர் குழுவில் யாரோ சொன்னதைக் கேட்டு, தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்து, ஏலகிரி அடிவாரத்தில் மாமாவுக்கு இருந்த மாந்தோப்பில் பத்துப் பெட்டிகளை வைத்தாள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பாவுக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. மாம்பழக் காலம் முடியும்வரை பார்க்கலாம், தேறாவிட்டால் பேசாமல் கம்பெனிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அம்மா அந்த வருடம் எப்படி இருந்தாள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் தோல் ஷாப்புகளின் புண்ணியத்தில் வாயில் வைக்க வழங்காது. நாங்கள் அதிலேயே குளித்துத் துவைத்துக்கொண்டோம். தேனீக்களுக்கு மட்டும் கேன் தண்ணீர் போனது. தோப்புப் பக்கம் போகிறவர்கள் அவளைத் 'தேன்காரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்படி யாராவது கூப்பிட்டால் அன்று முழுக்க அவள் முகத்தில் அது தெரியும். இருமலும் குறைந்தது. குறைந்ததா, நாங்கள் அப்படி நினைத்துக்கொண்டோமா, தெரியவில்லை.

பாட்டில் தேனை நம் ஊரில் எவரும் நம்புவதில்லை. சொந்தச் சித்தியே ஒரு சொட்டைத் தாளில் விட்டுப் பார்த்து, வெல்லப்பாகு கலந்திருக்கிறாயா என்று கேட்டாள். அதனால் அம்மா அடையோடு விற்பது என்று முடிவு செய்தாள். பாகு காய்ச்சத் தெரிந்தவன் இருப்பான், அடை கட்டத் தெரிந்த மனுஷன் இருக்கிறானா? தேனீப் பெட்டிக்குள் தொங்கும் மரச் சட்டத்தில் கம்பி எதுவும் கட்டாமல், மேலே விரல் அகலத்துக்கு மெழுகுத் தாளை மட்டும் ஒட்டி உள்ளே வைப்பாள். மீதியைத் தேனீக்கள் கட்டும். அறைகளையெல்லாம் நிரப்பி வெள்ளை மெழுகால் மூடியதும், நாள் கடத்தாமல் எடுத்துவிட வேண்டும். விட்டால் அதன் மேலேயே நடந்து நடந்து மஞ்சளாக்கிவிடும். வெந்நீரில் நனைத்த கத்தியால் அடையைச் சதுரம் சதுரமாக வெட்டி, வெட்டிய ஓரத்தில் கசிகிற தேன் வடியும்வரை கம்பி வலைமேல் வைத்திருந்து, பிறகு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டியில் போடுவாள். மூடிமேல் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. தம்பிக்கு அதில் உரிமை கிடையாது. கோணல்மாணலாக ஒட்டுவான்.

ஆம்பூர் பஜாரில் பேரீச்சம்பழமும் முந்திரியும் விற்கிற பாய் ஒருவர் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். முதலில் இருபத்துநான்கு பெட்டி கொண்டுவரச் சொன்னார். அது நன்றாகப் போனால் பூக்கிற காலமெல்லாம் தானே எடுத்துக்கொள்வதாகவும், ஏலகிரிக்கு வருகிறவர்கள் வாங்கும் கடைகளில் பேசுவதாகவும் சொன்னார். அந்த இருபத்துநான்கு பெட்டியில்தான் எல்லாம் இருந்தது. அது எனக்கே தெரிந்திருந்தது.

வெட்டி வைத்த அன்று பார்த்து கோடை மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக விடவில்லை. சுவரெல்லாம் வியர்த்தது. அம்மா அடைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஈரம் மட்டும் ஏறக்கூடாதுடி. ஏறிச்சுன்னா புளிச்சுப் போய்டும். அப்புறம் ஒருத்தனும் வாங்க மாட்டான்," என்றாள்.

அவள் என்னிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா என்று இப்போது சொல்ல முடியவில்லை. மழை சற்று விட்டதும் தேனீப் பெட்டிகளுக்குள் தண்ணீர் போய்விட்டதா பார்க்கத் தோப்புக்கு ஓடினாள். மூடியைப் போட்டு ஸ்டிக்கர் ஒட்டி வைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஈரத்துக்கு மருந்து எது என்று எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்குத்தான் தெரியாது? அலமாரியில் ஒரு தகர டப்பா நிறைய அந்தப் பொட்டலம் இருந்தது. இத்தனை நாள் அம்மாவுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்கு ஒரே பெருமை. பெட்டிக்கு ஒன்றாக அடையின் பக்கத்தில் செருகினேன். வெளியே தெரிந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று, ஸ்டிக்கர் வந்து மறைக்கிற மூலையாகப் பார்த்து வைத்தேன். அம்மா வந்ததும் சொல்லவில்லை. தேன் புளிக்கவே இல்லை என்று பாய் ஆச்சரியப்படுவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நான்காம் நாள் பாய் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் அட்டைப்பெட்டி. அதில் எங்கள் பெட்டிகள். ஒரு வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை, தேனில் நனைந்திருந்த பொட்டலத்தைத் தேன் துண்டு என்று நினைத்து மென்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பொட்டலத்தைப் போட்டோ எடுத்து, தேனில் ஏதோ மருந்து வைக்கிறார்கள் என்று போனில் ஊருக்கெல்லாம் அனுப்பியும்விட்டார்கள்.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா. அல்லா காப்பாத்துனான். ஆனா கடைக்கு வந்து ஒரே பேஜார் பண்ணிட்டாங்க," என்றார் பாய். "இன்னாத்துக்குமா இத்த உள்ள போட்டீங்க?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அம்மா ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பினாள்.

"நான்தான் பாய் போட்டேன்," என்றாள். "அஞ்சு வருசம் பேக்கிங்ல நின்ன கை. நெனப்பே இல்லாம அதுபாட்டுக்குப் போட்டுடுச்சு."

எனக்கு உயிர் வந்தது. அந்த நொடியில் வேறெதுவும் தோன்றவில்லை. சரி, அம்மாவும் போட்டிருக்கிறாள், நான் மட்டும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கோபம்கூட வந்தது. பெரியவள், பார்த்துச் செய்யக்கூடாதா?

அப்பா சாயங்காலம் வந்து சத்தம் போட்டார். "தேன்காரம்மாவாம் தேன்காரம்மா. எங்க போனாலும் கம்பெனி புத்தி போவுதா பாரு." அவர் போன பிறகு அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, திரும்பி வந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அடையைத் தட்டில் எடுத்து வைத்தாள். பொட்டலங்களை ஒரு பக்கம் சேர்த்தாள். ஒரு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஸ்டிக்கரெல்லாம் எவ்ளோ நேரா ஒட்டிக்கிற பாரு," என்றாள். அவள் சாதாரணமாகப் பாராட்டுகிறவள் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடைகளையெல்லாம் தோப்புக்கு எடுத்துப்போய், பெட்டிகளுக்குத் தள்ளி ஒரு சாக்கில் பரப்பி வைத்தாள். ஒரே நாளில் தேனீக்கள் தங்கள் தேனைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயின. சாக்கில் மெழுகுத் தூள் மட்டும் கிடந்தது. பாய் அதற்குப் பிறகு வாங்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு கடைகளுக்கும் போட்டோ போயிருந்தது. மாங்காய் இறங்கி முடிவதற்குள் பெட்டிகளை மலைமேல் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். கம்பெனியில் பேக்கிங்கில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒட்டும் பிரிவில் இருந்தது.

இப்போது அவளால் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடிவதில்லை. அன்று நடந்ததை நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. அம்மாவின் கையும்தான் போட்டது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்புவது வசதியாக இருந்தது. ஆனால் அன்று அவள் பெட்டிகளைத் திறந்ததெல்லாம் என் கண் முன்னால்தான். இரண்டு பேர் போட்டிருந்தால் எதிலாவது இரண்டு இருந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் இருந்தது, நேராக ஒட்டிய ஸ்டிக்கருக்கு அடியில். எனக்கு அப்போது கூட்டல் நன்றாகவே தெரியும்.