கல்வெட்டாங்குழிக்குப் போன மீன்கள்

மாமனாருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது ஒரு மாசி மாதத்தில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. அதற்கு முந்தின மாதம்தான் சொத்தைப் பாகம் வைத்திருந்தார்கள். கொட்டாரம் ஊருக்குத் தெற்கே இருந்த பழைய வீடும், அதன் பின்னால் இருந்த சின்னக் குளமும் என் கணவரின் அண்ணனுக்கு விழுந்தன. எங்களுக்கு அதற்குக் கொஞ்சம் வடக்கே இருந்த ஓலை வீடும், கொஞ்சம் தோப்பும், தோப்பின் மூலையில் ஒரு கல்வெட்டாங்குழியும் கிடைத்தன. எந்தக் காலத்திலோ வீடு கட்டக் கல் வெட்டி எடுத்த பள்ளம் அது. இரண்டு ஆள் ஆழம் தண்ணீர் நிற்கும்.

மாமனார் யாருடைய பங்கு என்று யாரும் பத்திரத்தில் எழுதவில்லை. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று விழுந்தார். விழுந்த இடத்திலேயே இருந்துவிட்டார். என் கணவர் கீரிப்பாறைப் பக்கம் மலையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்கு நின்றார். மாதத்தில் ஒரு தடவை இறங்கி வருவார். வரும்போது பெரும்பாலும் காய்ச்சலோடு வருவார். ஆக மாமனாரைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, கஞ்சி கொடுப்பது, துணி அலசுவது எல்லாம் என் கைக்கு வந்தது. கூட இரண்டு பிள்ளைகள், ஒரு மாடு. அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இடுப்பு வலிதான்.

அவருக்குப் பேச்சு போய்விட்டது. கொழகொழவென்று ஏதோ வரும், ஒன்றும் விளங்காது. ஆனால் விடிந்ததும் இடது கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து, எதையோ விசிறுவது போல ஆட்டுவார். நான் ஈயை விரட்டுகிறார் என்று நினைத்து விசிறியைக் கொண்டு வந்தேன். தட்டிவிட்டார். மறுபடியும் அதே கையாட்டம். மூன்றாம் நாள்தான் புரிந்தது. தினமும் காலையில் குளக்கரையில் நின்று மீன்களுக்கு நொய் போடுவார். அந்தக் கை இன்னும் நொய் போட்டுக்கொண்டிருந்தது.

பங்குனியில் அத்தான், என் கணவரின் அண்ணன், குளத்தைத் தூர்த்து அந்த இடத்தில் தென்னை வைக்கப் போவதாகச் செய்தி வந்தது. இறைகூடை போட்டுத் தண்ணீரை வெளியே தள்ள நாலு ஆட்களை நிறுத்தியிருந்தார். அவரிடம் போய் நின்றேன்.

"குளத்த என்ன வேணும்னாலும் செய்யுங்க அத்தான். மீன மட்டும் நான் எடுத்துக்கிடுதேன்."

"எடுத்துக்கோ. அத என்ன செய்யப் போற? ஒரு நாளைக்குக் கறி காணும்."

"கறிக்கில்ல. எங்க குழியில விடணும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒனக்கு வேற வேல இல்லியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். வேலை இல்லாமலா? அந்தக் கேள்விக்குச் சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

முதல் நாள் நான் தனியாகச் செய்தேன். தண்ணீர் முழங்காலுக்கு வற்றியிருந்தது. சேற்றில் இறங்கி, ஓலையில் முடைந்த கடவப்பெட்டியால் கெண்டைகளை வாரி, இரண்டு மண்குடத்தில் போட்டுச் சுமந்தேன். குளத்திலிருந்து குழிக்கு நடந்தால் வெற்றிலை போட்டு முடிக்கும் தூரம்தான். குடத்தோடு போனால் அது வளர்ந்துகொண்டே போகும். உச்சி வெயில். குழிக்கரையில் நின்று குடத்தைக் கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வயிறு மேலே தெரிய மிதந்தன. அன்று ஏழு நடை நடந்தேன். பாதிக்கு மேல் செத்துப்போயின.

மறுநாள் விடியற்காலையில் குளத்தில் இறங்கியபோது கரையில் அக்கா நின்றாள். அத்தானின் மனைவி, என் மூத்த ஓரகத்தி. பாகம் வைத்த அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. ஒரு செம்புக் குட்டுவத்துக்காகப் பிணங்கியிருந்தோம். நெல் அவிக்கிற பெரிய பாத்திரம். அது அவர்கள் பங்கில் போனது நியாயமில்லை என்று நான் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தேன். அந்தக் குட்டுவத்தைத்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுல கோரு. குடத்துல மூச்சு முட்டித்தான் சாவுது," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நிறையக் குளத்துத் தண்ணீர், அதன் மேல் பாசி, அதற்குள் மீன். ஆளுக்கொரு வளையம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். குழிக்கு இறங்கும் படியில் என் கை விட்டுப் போயிற்று. இனி ஒரு அடி எடுத்து வைக்க முடியாது என்று குட்டுவத்தை அப்படியே தண்ணீர் ஓரத்தில், ஒரு பக்கம் சாய்ந்து பாதி முங்கி நிற்கும்படி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். குழித் தண்ணீர் விளிம்பில் ஏறிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. வெகுநேரம் கழித்து ஒரு கெண்டை விளிம்பைத் தாண்டி வெளியே போனது. பிறகு இன்னொன்று. ஒன்றுகூடச் சாகவில்லை. குழித் தண்ணீரின் குளிர் திடீரென்று தாக்கியதில்தான் முந்தின நாள் செத்திருக்கின்றன. அதைக் கண்டுபிடித்தது என் புத்தி இல்லை, என் சோர்வு. அதன் பிறகு எல்லா நடையும் அப்படியே இறக்கிவைத்து உட்கார்ந்தோம். ஐந்து விடியல் ஆயிற்று.

கடைசி நாள் சேற்றுக்குள் கிடந்த வரால்களையும் வாரிக்கொண்டு வந்தோம்.

விட்டால் முடிந்தது என்று நினைத்தேன். கல்வெட்டாங்குழியில் செடியும் இல்லை, சேறும் இல்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீர். மேலேயிருந்து பார்த்தால் ஒவ்வொரு மீனும் தெரியும். எனக்குத் தெரிந்தால் மீன்கொத்திக்குத் தெரியாதா? இரண்டாம் நாளே ஒரு மீன்கொத்தி பாறை விளிம்பில் குடியேறிவிட்டது. பிறகு கொக்கு, பிறகு இரண்டு நீர்க்காகம். மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் எதுவோ விழும் சத்தம் கேட்கும். கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடுவேன். திரும்பி வந்தால் கஞ்சி ஆறியிருக்கும், அவர் தாடையில் வழிந்திருக்கும்.

தென்னோலைகளை முடைந்து தண்ணீரில் மிதக்கவிட்டேன். மீன்கள் அதற்கடியில் போய் ஒதுங்கின. உடைந்த பானைகளைக் குழிக்குள் போட்டேன். கரையைச் சுற்றி இலந்தை முள் வெட்டி அடுக்கினேன். ஆனியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தொடங்கியதும் ஓலைகள் எல்லாம் ஒரு மூலையில் போய்க் குவிந்துவிடும். தினமும் காலையில் கம்பு கொண்டு இழுத்துப் பரப்ப வேண்டும்.

கடற்கரையிலிருந்து மீன் விற்க வரும் ஒரு அம்மாவிடம் பழைய வலை இருக்கிறதா என்று கேட்டேன். கடவத்தை இறக்கிவைத்துவிட்டு என்னவென்று விசாரித்தாள். சொன்னேன். வெகுநேரம் சிரித்தாள்.

"எங்க ஆளுவ மீனப் பிடிக்க வல வீசுகாவ. நீ மீனக் காக்க வல கேக்க. நல்ல பெண்ணு மக்களே நீ!"

ஆனால் அடுத்த தடவை வரும்போது கிழிந்த வலை ஒன்றைச் சுருட்டித் தலைச்சுமையோடு கொண்டு வந்தாள். அக்காவும் நானும் கிழிசலைத் தைத்துக் குழியின் மேல் குறுக்காகக் கட்டினோம். மூன்றாம் நாள் ஒரு நீர்க்காகம் அதில் சிக்கித் தலைகீழாகச் செத்துத் தொங்கியது. கழுத்தில் சுற்றியிருந்த நூலை அறுத்து எடுத்தேன். அதன் தொண்டையில் ஒரு கெண்டை பாதி இறங்கியிருந்தது. இரண்டும் போயிற்று. வலையைக் கட்டியது நான். அதைப் புதைத்துவிட்டு வந்து அன்று பகல் சாப்பிடவில்லை.

பறவைகள் வருவது குறைந்தது. ஆனால் கெண்டையும் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு விளங்கவில்லை. பாம்பாக இருக்கும் என்று ஒரு வாரம் பாம்பைத் தேடினேன். ஒரு நாள் அக்காவும் நானும் கரையில் நின்று நொய் போட்டோம். கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தன. அடியில் இருந்த உடைந்த பானைக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று புறப்பட்டு வந்து வாயைத் திறந்து மூடியது. கூட்டம் சிதறியது. வரால்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏட்டி, களவாணியயும் நாமதான கோரிச் சொமந்து கொண்டு வந்து விட்டுருக்கோம்! அவனுக்கு வீடு வேற கெட்டிக் கொடுத்துருக்கியே!"

பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகை வந்துவிட்டது.  அவள் என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

தவளைக்குஞ்சைத் தூண்டிலில் கோத்து வரால்களைப் பிடித்தோம். பெரியது மூன்று, சிறியது ஐந்து. நோயாளிக்கு வரால் நல்லது என்பார்கள். முள் எடுத்து, மிளகு வைத்துக் குழம்பாக்கி மாமனாருக்கு ஊட்டினேன். அவர் பல நாட்களுக்குப் பிறகு இரண்டாம் தடவையும் வாயைத் திறந்தார். அவர் நொய் போட்டு வளர்த்த மீன் அது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு நாள் அத்தானும், இறங்கி வந்திருந்த என் கணவரும் சேர்ந்து மாமனாரைக் கட்டிலோடு தூக்கிக் குழிக்கரைக்குக் கொண்டு வந்தார்கள். நொய்யை இடது கையில் வைத்தேன். விசிறினார். பாதி அவர் மடியிலேயே விழுந்தது. மீதிக்கு மீன்கள் வந்தன. அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த மாதிரி ஒன்றும் தெரியவில்லை. வலையைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வெயில் உறைத்தது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இதற்கா இவ்வளவு என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. அதை விரட்டவும் என்னால் முடியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடவே இல்லை. ஐந்தாம் நாள் காலையில் குழி விளிம்பு வரை நிறைந்து, தோப்பின் தாழ்ந்த பக்கமாக வழிந்து, கீழே இருந்த வயலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வலை ஒரு பக்கம் அறுந்து மிதந்தது. வழிகிற தண்ணீரில் கெண்டைகள் வெள்ளி வெள்ளியாக எதிர்த்தும் சறுக்கியும் போய்க்கொண்டிருந்தன.

அக்கா முறத்தைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "மண்வெட்டி எங்கட்டி? வரப்பு போட்டு அடைக்கலாம், வா!"

மண்வெட்டி என் பக்கத்தில்தான் சாய்ந்திருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"போகட்டும் அக்கா."

"என்னது போகட்டுமா? இவ்வளவு பாடுபட்டுட்டு!"

"போற எடத்துல தண்ணி கெடக்கு. அதுவளே பாத்துக்கிடும். எனக்கு ஏலல."

அவள் என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முறத்தை என் தலைக்கு மேல் பிடித்தாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றோம். மீன் குறைந்து, பிறகு வெறும் தண்ணீர் மட்டும் போயிற்று.

வீட்டுக்கு வந்து ஈரத்தை மாற்றினேன். "நீ செத்த நேரம் கெட. மாமாவ நான் பாத்துக்கிடுதேன்," என்றாள் அக்கா. பாயை விரித்ததுதான் தெரியும். எழுந்தபோது மழை விட்டு, சாயங்கால வெளிச்சம் வாசலில் கிடந்தது. பிள்ளைகள் சாப்பிட்டிருந்தார்கள். மாமனார் துணி மாற்றி, இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். அக்கா அடுக்களையில் எனக்குச் சோறு மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.