எண்ணெய் குடிக்காத வண்டி

எங்கள் ஊரில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்க்க மாட்டார்கள். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, துரு பிடித்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மரக்காணத்தில் உப்பு ஏற்றும் வண்டியை உப்புதான் தின்று தீர்க்கும், வேறெதனாலும் அதற்குச் சாவு கிடையாது என்பது எல்லோருடைய எண்ணம். அப்பாவும் எங்கள் மினி லாரியின் அடிப்பாகம் முழுக்கக் கழிவு எண்ணெயைப் பூசிப் பூசி, ஒரு பொட்டுத் துரு இல்லாமல் வைத்திருந்தார். அந்த வண்டியைப் பார்த்து ஊரே பெருமூச்சு விடும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், எனக்குப் பத்து வயது. செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி அப்பா என்னைக் கோட்டக்குப்பத்துக்கு வண்டியில் கூட்டிப் போனார். செருப்புக் கடைக்கு முன்னால் மெக்கானிக் கடை வந்துவிட்டது. அங்கிருந்த பாய் எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே காட்டச் சொன்னார். உள்ளேயிருந்து புஸ் புஸ்ஸென்று சூடாகக் காற்று வந்து மோதியது. கூச்சத்தில் நான் சிரித்தேன். கையை எடுத்துப் பார்த்தால் பொட்டுப் பொட்டாக எண்ணெய். அப்பாவை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னதும் பின்னால் நீலமாகப் புகை கிளம்பியது.

“ரிங்கெல்லாம் தேஞ்சி போச்சுப்பா. எஞ்சின இறக்கி வேலை பாக்கணும். அதுவரைக்கும் டெய்லி அளவு பாத்து எண்ணெய் ஊத்திக்கினே ஓட்டு. ஒரு வாரம் மறந்தியோ, ஜாம் ஆயிடும்” என்றார் பாய்.

எஞ்சினை இறக்குகிற வசதி எங்களுக்கு இல்லை. அன்றிலிருந்து தினமும் நான் பல் தேய்க்கிற நேரத்தில் அப்பா நீளக் கம்பியை உருவி அளவு பார்ப்பதும், சீட்டுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து ஊற்றுவதும் வழக்கமாயிற்று. எஞ்சின் எண்ணெயைக் காப்பி போலக் குடித்தது. சில மாதங்களில் அப்பாவுக்கு அலுத்துப்போய், வண்டியைக் கொடுத்துவிடுவதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அது அத்தை வீட்டு மாமாவின் காதில் விழுந்தது. அவர் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அடுத்தவர் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர். அவர் பாதங்களில் எப்போதும் வெடிப்பு இருக்கும். அது ஆறுவதற்குள் மறுபடி உப்புத் தண்ணீரில் இறங்க வேண்டும். லைசென்ஸ் எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தார். சொந்தமாக ஒரு வண்டி வந்துவிட்டால் அளத்தில் கால் வைக்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருப்பார். உங்களுக்கு இந்த வண்டி வேண்டாம் என்று அப்பா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். தனக்குக் கொடுக்க அப்பாவுக்கு மனசில்லை என்று மாமா அதை எடுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை கேட்டபோது, வந்து பாருங்கள் என்றுவிட்டார் அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வருவதாக இருந்தது. மாமா முன்னால் கிளப்பும்போது புகை தெரியாமலிருக்க, அப்பா காலையிலேயே எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். எண்ணெய் டப்பாவை விறகுக்குப் பின்னால் வைத்தார். பாய் சொன்னதை யாரிடமும் பேசக் கூடாது என்று என்னிடம் சொன்னார். என்னை நம்பி ஒரு ரகசியம் சொல்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை.

மாமா வந்ததும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஸ்பேனரால் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார். எழும்போது கையை எஞ்சின் பக்கம் ஊன்றியவர் அப்படியே நின்றார்.

“சூடா இருக்குதே மச்சான்?”

இப்போதுதான் கடைக்குப் போய் வந்ததாக அப்பா சொன்னார். மாமா கையை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“ஏம் பாப்பா, அப்பா இதுக்கு எப்பப்ப எண்ணெய் ஊத்துவாரு?”

அப்பா வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊத்தவே மாட்டாரு மாமா. ஒரு தபா ஊத்துனா ஆறு மாசத்துக்கு அப்படியே இருக்கும்.”

ஆறு மாதம் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அழகாக இருக்கட்டுமென்று நானே சேர்த்தது. மாமா கையை எடுத்து என் கன்னத்தைத் தட்டினார். வண்டி அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய்விட்டது.

அவர் மாதிரி வண்டியைப் பார்த்துக்கொண்டவர் யாருமில்லை. தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவி, அடியில் படுத்துத் துருவைத் தேடுவார். அந்த நீளக் கம்பியை மட்டும் அவர் உருவிப் பார்க்கவேயில்லை. நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அப்பா தினமும் நினைத்துக்கொண்டிருந்ததாக அம்மா பல வருஷம் கழித்துச் சொன்னாள். இரண்டாவது வாரம், உப்பு ஏற்றிக்கொண்டு பாண்டிக்குப் போகும்போது பொம்மையார்பாளையத்தில் வண்டி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எஞ்சின் உள்ளே இறுகிப்போயிருந்தது.

கயிறு கட்டி இழுத்து வந்து அவர் வாசலில் நிறுத்தினார்கள். நாங்கள் போனபோது தெருவே கூடியிருந்தது. அத்தை வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு முதலில் குரலை உயர்த்தும் போலிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் அப்பா கத்தினார்.

“எண்ணெய் கூடவா பாக்க மாட்டீங்க மாப்ள?”

அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நான் ஒளிந்து நின்றேன். மாமா தலையைத் தூக்கி என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்.

“என் தப்புதான் மச்சான். நாந்தான் பாக்கல.”

மறுநாளே அவர் அளத்துக்குப் போய்விட்டார். இன்னும் அங்கேதான் உப்பு வாருகிறார். என்னை எங்கே பார்த்தாலும் “நல்லா இருக்கியா பாப்பா” என்று கேட்பார். நான் அவர் காலைப் பார்க்காமல் பதில் சொல்வேன். கேட்க வேண்டிய மன்னிப்பை இன்றுவரை என்னால் கேட்க முடியவில்லை.

அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து திரும்பும்போது அப்பாவும் அம்மாவும் பின்னால் மெதுவாக நடந்து வந்தார்கள். நான் மட்டும் வண்டி விற்ற காசில் வாங்கிய புதுச் செருப்பைத் தட்டித் தட்டி முன்னால் ஓடினேன். நல்லவேளை, நான் சொன்ன ஆறு மாதம் மாமாவுக்கு மறந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.