பலா வாசம்

இலஞ்சியில் எங்களுக்குப் பால் ஊற்றும் அண்ணாச்சி, ஊற்றிய கையோடு போய்விட மாட்டார். நான் காபி போட்டு ஒரு மடக்கு குடிக்கும்வரை, உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சாரலில் வாசலிலேயே நிற்பார். ஒல்லியான உடம்பு. முகத்தில் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் கவலை.

எல்லாம் அவருடைய கறவை மாட்டால்தான். மக்காச்சோள மாவு விலை ஏறியதிலிருந்து அதற்கு மாற்றுத் தீவனம் தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு வாரம் சிப்ஸ் கடையில் கழித்த நேந்திரங்காய்த் தோல், இன்னொரு வாரம் காயவைத்த மரவள்ளித் தோல். பாலில் வாடை வந்தால் வாடிக்கை போய்விடுமே என்ற பயம் வேறு.

“நீங்களே குடிச்சுப் பாக்கக் கூடாதா அண்ணாச்சி?”

“பாலுன்னாலே எனக்குக் கொமட்டும் யக்கா. ஒங்க நாக்கத்தான் நம்பியிருக்கேன்.”

அது என் தலைக்கு ஏறிவிட்டது. குற்றாலத்துப் பழக்கடைகளில் கழித்த பலாச்சக்கையை மாட்டுக்குச் சேகரிப்பதாக அவர் சொல்லிவிட்டுப் போன மறுநாள், ஒரு மடக்கு குடித்துக் கண்ணை மூடித் தீர்ப்புச் சொன்னேன்.

“லேசா பலாப்பழ வாசம் அடிக்கு அண்ணாச்சி.”

அவர் தலையைச் சொறிந்தார். “சக்க இன்னும் சாக்குலதான் கெடக்கு யக்கா. நாளைக்குத்தான் வைக்கணும்.”

அத்தோடு என் பதவி போயிற்று என்று நினைத்தேன். மறுநாள் டம்ளரோடு அடுக்களையிலேயே பதுங்கிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தால், தலையில் அதே உரச்சாக்கோடு, அதே கவலையோடு நிற்கிறார்.

“இன்னைக்குச் சக்க வச்சாச்சு யக்கா. எப்படி இருக்கு?”

குடித்துப் பார்த்தேன். இந்தத் தடவை நிஜமாகவே வாசம் அடித்தது. சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.