நெரெய்தா ஆற்றில் இறங்கிய நாள்

உமக்காவ் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் நெரெய்தாவுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். கெட்டுப்போன பாலை இறக்கிவிட்டு நழுவப் பார்த்த வண்டிக்காரனை ஒருமுறை கரண்டியோடு வாசல்வரை துரத்தியிருக்கிறாள். கோபக்காரி என்று ஊரில் பேர். அந்தப் பேரை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் சொந்த வீட்டில், கணவன் எஃப்ராயினின் தம்பி வந்துவிட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். "வருஷத்துக்கு ஒருதரம் வர்றான், விடு" என்பான் எஃப்ராயின். அவளும் இத்தனை வருஷம் விட்டுக்கொடுத்துத்தான் வந்தாள்.

தம்பி பேர் ராதமேஸ். கடல் தாண்டி ஒர்லாண்டோவில் ஏசி மாட்டுகிற வேலை. அந்த ஜூலை மாதம் அவன் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. ஏழு வயது மகள் கியாராவை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். வந்த மறுநாளே, "நாளைக்கு எல்லாரும் எல் யுங்கே மழைக்காட்டுக்குப் போறோம்" என்று அறிவித்துவிட்டான். சமைக்கப்போவது யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்கே எழுந்து பச்சைத் துவரை போட்டுச் சோறாக்கி, பன்றிக்கறி வறுத்து, வாழைக்காய் பொரித்துக் கட்டினாள் நெரெய்தா. எட்டரைக்கு எழுந்து வந்த ராதமேஸ், "இன்னும் கிளம்பலையா அண்ணி?" என்றான். அவள் பாத்திர மூடியை அழுத்தி மூடினாள், அவ்வளவுதான்.

ராதமேஸ் ஓட்டிய வாடகை வண்டியில் போகும்போதே மலை உச்சி கண்ணில் படவில்லை. கருமேகம் மூடியிருந்தது.

"மலை மேல கொட்டுது. இன்னைக்கு ஆத்துப் பக்கம் வேணாம். மேல நடந்து பாத்துட்டு வந்துருவோம்" என்றாள்.

ராதமேஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான். "மழைக்காட்டுல மழை பெய்யாம பின்ன என்ன அண்ணி, பஞ்சு மிட்டாயா பெய்யும்?"

எஃப்ராயினும் சிரித்தான். பின்சீட்டில் இருந்த மகள் இதாலிஸ் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினாறு வயதுப் பெண்ணுக்குப் புரிந்தது, ஐம்பது வயது அப்பாவுக்குப் புரியவில்லை.

காட்டுப் பாதையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மரம்போல உயர்ந்து நின்ற பெரணிகளையும், பாறையை இறுக்கிப் பிடித்திருந்த வேர்களையும், பட்டையில் வெள்ளையாகக் கசிந்து மணக்கும் பிசினையும் கியாராவுக்கு ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும் என்று நெரெய்தாவுக்கு ஆசை. தவளைகள் பகலிலேயே கத்துகிற காடு அது. ஆனால் ராதமேஸ் தோளில் தொங்கவிட்டிருந்த ஸ்பீக்கர் அலறிய அலறலில் தவளையும் கேட்கவில்லை, பறவையும் கேட்கவில்லை. குறைக்கச் சொன்னாள். "லீவுக்கு வந்திருக்கேன், துக்கத்துக்கா வந்திருக்கேன்?" என்றான். "விடு" என்றான் எஃப்ராயின்.

கடைசியில் ஆற்றுக்குத்தான் போனார்கள். எஃப்ராயினும் இதாலிஸும் கரையில் சாப்பாட்டை விரித்தார்கள். ராதமேஸ் கியாராவைத் தூக்கிப்போய் நடு ஆற்றில் ஒரு பாறைமேல் உட்காரவைத்து, முழங்கால் தண்ணீரில் நின்று படம் எடுத்தான்.

நெரெய்தா தட்டு எடுத்துவைக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆற்றங்கரையில் வளர்ந்தவள். கண்ணாடி மாதிரி ஓடிய தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. பச்சை இலைகள் கொத்துக்கொத்தாக வந்தன. அடியில் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம்.

"வெளிய வா! பிள்ளையத் தூக்கிட்டு வா!"

"ஒரு நிமிஷம் அண்ணி, இப்பதான் சிரிக்கிறா."

"தண்ணி வருதுடா, மடையா!"

"ஐயோ, ஆரம்பிச்சாச்சு" என்று போனை இன்னும் உயரத் தூக்கினான்.

அவள் செருப்போடு இறங்கிவிட்டாள். வழியை மறித்து நின்றவனைத் தோளால் இடித்தாள்; போன் தண்ணீரில் விழுந்தது. கியாராவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பினாள். "என் போன்!" என்று கத்தியபடி ராதமேஸ் குனிந்து துழாவினான். அவள் கரையேறிப் பத்து எட்டு வைத்திருக்க மாட்டாள், மேலே வளைவில் பழுப்புச் சுவர்போல வெள்ளம் இறங்கியது. பிள்ளை உட்கார்ந்திருந்த பாறை கண்ணெதிரே காணாமல் போனது. சாப்பாடும் போனது.

ராதமேஸ் அந்தப் பக்கக் கரைக்குத் தாவி, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மீட்புப் படை கயிற்றோடு வந்து சேர இரண்டு மணி நேரமாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் நெரெய்தா இக்கரையில் நின்று தொண்டை கிழியத் திட்டினாள். "தேடு! நல்லாத் தேடு! உன் பிள்ளைய விட அதுதானே பெருசு!" இரைச்சலில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. கியாரா அவள் கழுத்தை விடவேயில்லை.

சாயங்காலம் செய்தி கேட்டு அக்கம்பக்கத்தார் வீட்டுக்கு வந்தார்கள். முழங்காலில் கட்டோடு உட்கார்ந்து ராதமேஸ் கதை சொன்னான். "தண்ணி வர்றது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பிள்ளைய அண்ணி கையில குடுத்துட்டு, நீங்க போங்கன்னு சொல்லி நான் நின்னேன்."

காப்பி கொண்டுவந்த நெரெய்தா அப்படியே நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள்.

"எஃப்ராயின், நீ அங்கதானே இருந்தே. சொல்லு."

எஃப்ராயின் கையைப் பிசைந்தான். "அந்த அவசரத்துல யாரு கண்டா... எல்லாரும் பயந்துபோயிருந்தோம். விடு, இப்ப எதுக்கு அது?"

காப்பித் தட்டை அவன் மடியில் வைத்தாள். உள்ளே போய் ஒரு பையில் துணியை அடைத்தாள். இதாலிஸும் கேட்காமலே தன் பையை எடுத்துக்கொண்டாள். செய்பா ஊரில் இருந்த தன் தங்கை வீட்டில் பதினோரு நாள் இருந்தார்கள். ராதமேஸ் ஒர்லாண்டோ திரும்பியபோதும் அவள் வழியனுப்ப வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் எஃப்ராயின் தங்கை வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றான்.

"நான் பாத்தேன். நீ இறங்கினதையும் பாத்தேன், அவன் குனிஞ்சதையும் பாத்தேன்."

"இத என்கிட்ட ஏன் சொல்றே? எனக்குத் தெரியாதா? அவன் கதையக் கேட்டவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள்தான் இருந்தது. அதனால் வீடு திரும்பினாள். கோபம் தீர்ந்து வரவில்லை. கிறிஸ்துமஸ்வரை அவனோடு தேவைக்கு மேல் பேசவுமில்லை.

கிறிஸ்துமஸ் அன்று வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது ராதமேஸ் போனில் கூப்பிட்டான். எல்லாரும் கேட்கட்டும் என்று எஃப்ராயின் ஸ்பீக்கரில் போட, அவன் ஆற்றுக் கதையை மறுபடி எடுத்தான். "நான்தான் பிள்ளைய..."

"இல்லடா" என்றான் எஃப்ராயின். "நீ போனைத் தேடிக்கிட்டிருந்தே. பிள்ளையக் காப்பாத்தினது நெரெய்தா. நான் கரையில சும்மா நின்னுக்கிட்டிருந்தேன்."

நெரெய்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள்.

"ராதமேஸ், கியாராவ நீச்சல் வகுப்புல சேத்தியா?"

"இன்னும் இல்ல அண்ணி. நேரமே..."

"நேரமில்லையா?" என்று தொடங்கியவள், பன்றிக்கறி ஆறிப்போகும்வரை நிறுத்தவில்லை. இந்த முறை யாரும் அவளிடம் "விடு" என்று சொல்லவில்லை.