அடுப்பு மேடைக்கு அளவு கொடுத்த அத்தை

கடுகு வெடித்து அம்மாவின் முழங்கையில் எண்ணெய் தெறிக்கும் 'சுர்' என்ற சத்தத்தோடும், பின்னாலேயே வரும் அவள் பெருமூச்சோடும்தான் வண்டியூர் வீட்டில் எங்களுக்குப் பொழுது விடியும். குற்றம் அவள் கையில் இல்லை, அடுப்பு மேடையின் உயரத்தில்.

வீடு கட்டும்போது அப்பா மனையடி பார்த்தார். அடுப்படிக்கு எட்டு அடி 'ஆகும்', ஒன்பது அடி 'ஆகாது' என்று கொத்தனாரைப் படாத பாடு படுத்தியவருக்கு, அதற்குள் நின்று சமைக்கப் போகிறவளின் உயரம் மட்டும் கணக்கிலேயே வரவில்லை. கொத்தனார் விவரமானவர். கோயில் சிலைக்கு முகத்தை அளவாக வைத்து உடம்பைப் பிரிப்பதுபோல மேடைக்கு முழங்கைதான் அளவு என்று சொல்லி, "சமைக்கிறவுகள நிக்கச் சொல்லுங்கண்ணே" என்று நூலோடு வந்தார்.

எங்கள் குடும்பத்தில்தான் நல்ல காரியம் எதுவானாலும் நாத்தனார் முன்னால் நிற்க வேண்டுமே! அப்பாவின் அக்கா, என் அத்தை, பட்டுச்சேலையில் போய் நின்றாள். தேங்காய் உடைத்து, அவள் முழங்கைக்கு நாலு விரல் கீழே கோடு போட்டார்கள். அத்தை நிலைப்படியில் தலை தட்டும் உயரம். வேலையாட்களுக்கு டீ எடுத்து வந்த அம்மா அவள் தோளுக்கும் வரமாட்டாள். "அக்கா நின்னா என்ன, நீ நின்னா என்ன? பொம்பள அளவு எல்லாம் ஒண்ணுதான்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து அம்மா பலகை போட்டு ஏறித்தான் சமைத்தாள். சோழவந்தானிலிருந்து வரும்போதெல்லாம் அத்தை, "எம்புட்டு வசதியா இருக்கு, குனியவே வேணாம்" என்பாள். அம்மா நாலு அங்குலம் குறைக்கச் சொன்னால், "அடுப்பு மேடைய இடிச்சா வீட்டுக்கு ஆகாது" என்பார் அப்பா. பலகை வழுக்கி, கொதிக்கும் ரசத்தோடு விழப் பார்த்த அன்று அம்மா கரண்டியைப் போட்டாள்.

"உங்க வீட்டு முழங்கைக்குக் கட்டுன மேடை. நீங்களே ஆக்குங்க."

ஸ்டவ்வைத் தரையில் இறக்கி எங்களுக்கு ஆக்கினாள். அப்பா மேடையில் வேறொரு ஸ்டவ்வை வைத்துக் காப்பி போடக் கற்றுக்கொண்டார். மேடை அவருக்குக் கச்சிதமாகத்தான் இருந்தது. இடிக்க மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. போன மாதம் மேடையும் போயிற்று. இந்தத் தடவை அம்மாவை நிறுத்தி நானே டேப்பைப் பிடித்தேன். அத்தனை வருஷம் தரையில் குனிந்து சமைத்த முதுகு நிமிரவில்லை.

"நிமிந்து நில்லும்மா, அளவு தப்பப் போகுது" என்று எரிந்து விழுந்தேன்.

சுவரைப் பிடித்து ஒரு நிமிஷம் நிமிர்ந்தவள் தளர்ந்தாள். "அளக்குறதுக்கு நிமிந்துருவேன்டி. ஆக்குறப்ப எப்படி நிப்பேனோ, அப்படி அள."

அப்படியே அளந்தேன். அன்றைக்கு அவள் கேட்ட நாலு அங்குலம் போதவில்லை. இன்னும் மூன்று அங்குலம் குறைக்க வேண்டியிருந்தது.