அக்கா இல்லாத குழு

என் போனை மடிக்கணினியோடு இணைத்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. அது சொன்னதைச் செய்தது. அருவருப்பெல்லாம் என்மேல்தான்.

அப்பா பாரிசவாதத்தில் விழுந்து ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தார். வட்டுக்கோட்டை வீட்டில் அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, பீத்துணி கழுவியது அக்கா ஒருத்திதான். அவள் கலியாணம் கட்டவில்லை. அண்ணை கனடாவில், தங்கச்சி லண்டனில். எனக்கு யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கந்தோரில் மேசை வேலை, மனைவி பிள்ளைகளோடு குடியிருப்பும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் போய், மூக்கைப் பொத்தாத குறையாக அப்பாவின் கட்டிலருகே பத்து நிமிடம் நிற்பேன். பிறகு அக்கா போட்டுத்தரும் சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்புவேன்.

போனில் எங்கள் மூவருக்கும் ஒரு குழு இருந்தது. அக்கா அதில் இல்லை. அவளிடம் இருப்பது பட்டன் போன், அதனால் சேர்க்க முடியாது என்று சொல்லிக்கொண்டோம். அது சாட்டு. அண்ணை அவளுக்கென்று வாங்கியனுப்பிய நல்ல போனை என் மகள் வைத்திருந்தாள்.

அப்பா செத்த மறுகிழமையே அந்தக் குழுவில் வீட்டுக் கதை தொடங்கிவிட்டது. அவர் வீட்டை அக்காவின் பேருக்கு எழுதாமலே போய்விட்டார். வீட்டை விற்றுவிட்டு அக்காவை ஒரு முதியோர் இல்லத்தில் விடலாம் என்று முடிவெடுத்தோம். ஐம்பத்தெட்டு வயது மனுசியை! இடம் பார்க்கப் போனவன் நான். கொடிகாமத்துப் பக்கம் ஓர் இல்லத்தில் அறையைப் பார்த்துவிட்டு, சந்தையில் மாம்பழம் வாங்கிக்கொண்டு நேரே அக்காவிடம் போய், பழம் வாங்கத்தான் கொடிகாமம் போனதாகச் சொன்னேன். "உதுக்கோ அவ்வளவு தூரம் போனனீ?" என்று கேட்டு வெட்டித் தந்தாள். கூச்சமில்லாமல் தின்றேன்.

சின்னத் திரையில் தட்டித் தட்டிப் பெருவிரல் வலிக்கிறது என்றுதான் போனை மடிக்கணினியோடு இணைத்தேன். கந்தோரில் ஒருவர் காட்டித் தந்தார். போன் பொக்கற்றில் கிடக்கும், செய்திகள் மடிக்கணினியில் வரும், அங்கிருந்தே பதில் எழுதலாம். படங்களை மாற்ற வயரும் தேவையில்லை. எவ்வளவு வசதி! அக்காவை வீட்டிலிருந்து எப்படிக் கிளப்புவது என்று பத்து விரலாலும் எழுதினேன்.

முப்பத்தோராம் நாள் காலையில் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியைகளை முடித்துக்கொண்டு வந்தோம். வீடு நிறையச் சனம். இறந்தவரின் நினைவாக அன்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம். அதில் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவனும் நான்தான். 'பிள்ளைகள் நால்வரும் கண்ணை இமை காப்பதுபோல் அவரைப் பராமரித்தனர்' என்று எழுதியிருந்தேன். அச்சுப்பிழை இருக்கிறதா என்று அந்த வரியை இரண்டு தரம் பார்த்தது நினைவிருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியைப் பெரிய டிவியில் கொழுவி, போனில் கிடந்த அப்பாவின் படங்களைக் காட்டத் தொடங்கினேன். எனக்கு ஒரே பெருமை. "உது நல்ல வசதியாக் கிடக்கு தம்பி, போன் உன்ரை பொக்கற்றுக்கை கிடக்க, படம் இஞ்சை வருகுது" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை.

அப்பா வேட்டியோடு கதிரையில் இருக்கிற படம் வந்தபோது, திரையின் மூலையில் கனடா அண்ணையின் செய்தி வந்து விழுந்தது. "31 முடிஞ்சுதெல்லே? அக்காவுக்கு எப்ப சொல்லப் போறாய்?"

மூடப் போனேன். அவசரத்தில் அதன் மேலேயே அழுத்திவிட்டேன். எங்கள் குழு டிவி அகலத்துக்கு விரிந்தது. கொடிகாமத்து இல்லத்தின் அறையும் அதிலிருந்த இரும்புக் கட்டிலும் முதலில் தெரிந்தன. அது நான் எடுத்தனுப்பிய படம். அதன் கீழே தங்கச்சி: "இப்ப சொல்லாதேங்கோ அண்ணா, அழுது குழப்புவா." அதற்கும் கீழே நான்: "வருத்தக்காரரைத் தூக்கித் துடைச்சுப் பழகினவதானே, அங்கை நாலு கிழடுகளைப் பாத்துக்கொண்டு கிடப்பா. நான் நைசாக் கதைச்சு முடிக்கிறன்."

பக்கத்து வீட்டு அண்ணை கல்வெட்டை விரித்து வாசிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முதலில் வந்த எண்ணம் என்ன தெரியுமா? அக்கா குசினிக்குள் அடுப்படியில் நிற்கிறாள், பார்த்திருக்க மாட்டாள் என்பதுதான். அந்த நேரத்திலும் எனக்குத் தப்புவதுதான் முக்கியமாக இருந்தது. சீ, நானும் ஒரு மனிதன்!

அக்கா குசினிக்குள் இல்லை. தேத்தண்ணித் தட்டோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். தட்டைக் கீழே போடவில்லை, அழவில்லை. அதை மேசையில் வைத்துவிட்டு, சீலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, எழுத்து சின்னனாக் கிடக்கு" என்றாள். "கொஞ்சம் பெரிசாக்கி விடு, முழுக்க வாசிப்பம்."

பெரிதாக்கினேன்.